மெஜந்தா கசிவு

மலேசியாவின் கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகள் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றியபோது என்னோடு இருந்தவர்களில் பலர் கையுறைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். நான் பேனர் அச்சடிக்கும் பெரிய பிரிண்டர்களைப் பழுது பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. என் கணவரின் நண்பர் ஒருவர் பேனர் கடை வைத்திருந்தார். அவருடைய மெஷின் ஒரு நாள் நின்றுபோனது. மீட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு ஃபியூஸ்தான் போயிருந்தது. அவர் இன்னொருவரிடம் சொன்னார், அந்த இன்னொருவர் வேறொருவரிடம். இன்று சுங்கைப் பட்டாணியிலிருந்து கடற்கரைப் பக்கம் கோத்தா கோலா மூடா வரை இருபதுக்கும் மேற்பட்ட கடைகளின் மெஷின்களை நான்தான் பார்க்கிறேன். புதிதாகப் போகிற கடையில் இன்னமும் கேட்பார்கள், "ஒங்க வீட்டுக்காரரு வரலையா?" என்று. மெஷின் ஓட ஆரம்பித்ததும் அந்தக் கேள்வி மறந்துபோகும்.

நான் சொல்ல வந்தது சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையைப் பற்றி. கடை முதலாளி தமிழ் முஸ்லிம். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். இவர் மட்டும் பேனர் பக்கம் வந்துவிட்டார். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். கடையில் மெஷினை ஓட்டியவருக்கு ஐம்பத்தாறு வயது. கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இளமையில் லாரி ஓட்டினார், பிறகு முதுகு வலி வந்து இந்த வேலைக்கு வந்தார். பாயும் நானும் அவரை அண்ணன் என்போம்.

ஒன்பது ஆண்டுகளாக அந்த மெஷின் அவர் கையில்தான் இருந்தது. ஆறடி அகல மெஷின். தினமும் காலையில் முதல் வேலையாக ஒரு சோதனைத் தாளை அச்சடித்து வாசலுக்கு எடுத்துப் போவார். வெயிலில் பிடித்து, எந்த நிறத்தில் எந்தக் கோடு விட்டிருக்கிறது என்று பார்ப்பார். பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கையால் வெளியே வந்தவை. நான் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பார். அதிகம் பேச மாட்டார்.

சென்ற ஆண்டு மகளைக் கல்லூரியில் சேர்க்க ஜோகூருக்குப் போனேன். அப்படியே அங்கேயே இரண்டு வாரம் தங்கும்படி ஆகிவிட்டது. அந்த நேரத்தில் பாய் ஃபோன் செய்தார். மெஷின் திடீரென்று செத்துவிட்டது, மெஜந்தா வரவே இல்லை, பிறகு எந்த நிறமும் வரவில்லை, கருகின வாடை வந்தது என்றார். நான் ஜோகூரில் இருப்பதைச் சொன்னேன். அவர் பினாங்கிலிருந்து ஒருவரை வரவழைத்தார். அந்த ஆள் அரைமணி நேரம் பார்த்தாராம். மெயின் போர்டு போய்விட்டது, யாரோ கரண்ட் இருக்கும்போதே மையைத் தெளிக்கும் ஹெட்டின் கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்றாராம். புதிய போர்டு சீனாவிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஊர் திரும்பிய பிறகும் பாய் உடனே கூப்பிடவில்லை. போர்டு வரும் வரும் என்று காத்திருந்தார். அது வருகிற வழியாக இல்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நெருங்கின; வந்த வேலைகளையெல்லாம் அவர் வேறு கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மெஷின் நின்று மூன்று வாரம் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை என்னை வந்து பார்க்கச் சொன்னார்.

போனபோது கடையில் பாய் மட்டும் இருந்தார்.

"அண்ணன் எங்க பாய்?"

"வேலைய விட்டு அனுப்பிட்டேன் லா," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கேபிளப் புடுங்கியிருக்காரு. பினாங்குக்காரன் பாத்ததும் சொல்லிட்டான். நான் அவருகிட்ட கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. சும்மா நின்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு."

"அவரு எப்பவும் ஆஃப் பண்ணிட்டுத்தானே தொடுவாரு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் வேலை மெஷினைப் பார்ப்பது.

மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவி வைத்தேன். இந்த மெஷின்களில் ஹெட்டுக்கு நாற்பத்திரண்டு வோல்ட் போகும். அணைத்த பிறகும் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் அதைப் பிடித்து வைத்திருக்கும். மீட்டரை அவற்றின் மேல் வைத்துக் காத்திருந்தேன். எண் இறங்கி ஒன்றுக்குக் கீழே வந்ததும் போர்டைத் தொட்டேன்.

முதலில் ஃபியூஸ். அரிசி மணி அளவுதான் இருக்கும், போர்டோடு சேர்த்து ஈயம் வைத்திருப்பார்கள். நல்ல ஃபியூஸாக இருந்தால் மீட்டர் கூவும். கூவவில்லை. பினாங்குக்காரர் இதைச் சோதித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஃபியூஸ் போனதென்றால் அதற்குப் பின்னால் எதுவோ அளவுக்கு மீறிக் கரண்டை இழுத்திருக்கிறது என்று அர்த்தம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் புதியதும் போகும். அந்தப் பழைய தவற்றை நான் தொழிற்சாலையிலேயே செய்து முடித்துவிட்டேன்.

அடுத்தது டிரான்சிஸ்டர்கள். அலுமினியத் தகட்டுக்குக் கீழே ஜோடி ஜோடியாக நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஹெட்டின் ஒரு பகுதிக்குக் கரண்டை அனுப்பும். தனியாக ஒன்றை அளந்தால் அது நல்லதா கெட்டதா என்று சில நேரம் குழப்பமாக இருக்கும். அதனால் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். முதல் ஜோடி அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. முனைகளை மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது ஜோடிகளும் அதே போல. நான்காவதில் எந்தப் பக்கம் வைத்தாலும் பூஜ்யம். உள்ளே உருகி ஒட்டிப்போயிருந்தது. அது மெஜந்தாவுக்குப் போகும் ஜோடி.

ஆக போர்டு முழுவதும் போகவில்லை. ஒரு ஃபியூஸ், இரண்டு டிரான்சிஸ்டர்கள். புதியவை என் பெட்டியிலேயே இருந்தன. ஆனால் ஏன் போயின?

ஹெட்டின் மூடியைக் கழற்றினேன். தட்டையான வெள்ளைக் கேபிள் ஒன்று ஹெட்டில் வந்து செருகும். அதை உருவி, முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவே கருஞ்சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. இரண்டு கம்பிகளுக்கு இடையில் கருகிய புள்ளி. மை உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே பார்த்தேன். கேபிளுக்கு நேர் மேலே டேம்பர்கள் வரிசையாக இருக்கும். விரல் நீளத்துக்கு இருக்கும் பிளாஸ்டிக் டப்பிகள். டியூபில் வரும் மை இவற்றின் வழியாக வடிகட்டப்பட்டுத்தான் ஹெட்டுக்கு இறங்கும். மெஜந்தா டேம்பரின் கழுத்து ஈரமாக இருந்தது.

அதைக் கழற்றித் திருப்பினேன். பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு தேதி எழுதியிருந்தது. என் கையெழுத்து.

நான் மாற்றும் ஒவ்வொரு டேம்பரிலும் மாற்றிய தேதியை எழுதி வைப்பேன். அந்தத் தேதி, மெஷின் நின்றதற்கு இரண்டு மாதம் முந்தையது. கழுத்தில் இருந்த ரப்பர் வளையத்தை ஊசியால் எடுத்துப் பார்த்தேன். பிறை போல ஒரு வெட்டு. நட்டைத் திருகும்போது வளையம் மடிந்து, நடுவில் மாட்டி, நசுங்கியிருக்கிறது.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை. தொழுகைக்காகப் பாய் பன்னிரண்டரைக்குக் கடையை அடைக்க வேண்டும். நான்கு டேம்பர்களையும் ஒரே மூச்சில் மாற்றினேன். வழக்கமாக மாற்றிய பிறகு அடியில் வெள்ளை டிஷ்யூ வைத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, கசிவு இருக்கிறதா என்று பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை. அண்ணன்கூடக் கேட்டார், "பாக்க வேணாமா?" என்று. "ஒண்ணும் ஆகாதுண்ணே," என்றேன். சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

பாய் கடையின் முன்பக்கத்தில் நின்று யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். இன்னும் நான்கு நாள் பொறுங்கள் என்று மலாய் மொழியில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். டேம்பரை என் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினால் விஷயம் முடிந்தது. அவருக்கு டேம்பர் எது, கேபிள் எது என்று தெரியாது. போர்டைச் சரிசெய்த நல்ல பெயரும் எனக்குக் கிடைக்கும். அப்படி நினைத்தேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. கையில் மை துடைக்கத் தின்னரில் நனைத்த துணி இருந்தது. ஒருமுறை தேய்த்தால் தேதி போய்விடும். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பாய் ஃபோனை வைத்துவிட்டு உள்ளே திரும்பும்வரை.

"பாய், கொஞ்சம் இங்க வாங்க."

வந்தார். டேம்பர், வளையம், கேபிள் மூன்றையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துச் சொன்னேன். மை எங்கிருந்து கசிந்தது, எங்கே இறங்கியது, எது கருகியது என்று. அவர் குனிந்து பார்த்தார். மையைப் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் மற்றதைப் புரிந்துகொண்டார்.

"அப்ப அண்ணன் கேபிளப் புடுங்கலையா?"

"இல்ல பாய். மை எறங்கித்தான் போயிருக்கு."

"இந்த டேம்பர் யாரு பசாங் பண்ணது?"

"நான்தான். நான் சரியா மாட்டல."

அவர் வினைல் சுருள் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே தங்கச்சி."

"தெரிஞ்சிருக்காது."

"ஒன்பது வருசம்," என்றார். "ஒரு நா லேட்டா வந்தது கெடையாது." பிறகு கோபமாக, "அவராச்சும் வாயத் தொறந்து இல்லேன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா வெரட்டப் போறேன்?"

அண்ணனுக்கு ஃபோன் செய்யச் சொன்னேன்.

"நான் என்னான்னு பேசறது? நீ போயி சொல்லு. நீ செஞ்சது."

நான் செய்தது கசிவு. வேலையை விட்டு அனுப்பியது அவர். அதை நான் சொல்லவில்லை. சொல்லும் இடத்தில் நான் இல்லை.

அன்றும் மறுநாளும் மெஷினோடுதான் இருந்தேன். ஃபியூஸையும் அந்த ஜோடி டிரான்சிஸ்டர்களையும் எடுத்துவிட்டுப் புதியவற்றுக்கு ஈயம் வைத்தேன். ஹெட்டை உடனே இணைக்கவில்லை. அதற்குள்ளேயும் ஒட்டிப்போயிருந்தால் புதியவையும் ஒரு நொடியில் போகும். என்னிடம் இருந்த ஒரு நல்ல ஹெட்டைப் பக்கத்தில் வைத்து, முனைக்கு முனை இரண்டையும் அளந்து பார்த்தேன். ஒரே மாதிரி காட்டின. ஹெட் இல்லாமலே மெஷினைப் போட்டேன். நாற்பத்திரண்டு வோல்ட் ஆடாமல் நின்றது. அணைத்து, புதிய கேபிளும் புதிய டேம்பரும் மாட்டி, டிஷ்யூ வைத்துக் காத்திருந்து, பிறகு ஹெட்டை இணைத்தேன். இரண்டு முறை சுத்தம் செய்ததும் மெஜந்தா வந்தது. நான்கைந்து கோடுகள் விட்டிருந்தன, அவ்வளவுதான். சோதனைத் தாளை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்க்க ஆளில்லை. பாய் குழல் விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்து, "ஓகே லா," என்றார். அந்த வேலைக்கு நான் ஒன்றும் வாங்கவில்லை, அவரும் கொடுக்க முன்வரவில்லை.

சனிக்கிழமை கூலிம் வழியாகக் கரங்கானுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். கழற்றிய ஃபியூஸ், டிரான்சிஸ்டர்கள், கேபிள், டேம்பர் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போய் வெறும் வாயால் சொல்வது போதாது என்று தோன்றியது. மீட்டரும் பூதக்கண்ணாடியும் எப்போதும் காரிலேயே இருக்கும்.

தோட்டம் மூடிய பிறகு ஆட்களைக் குடியேற்றிய மலிவு விலை வீடுகளில் ஒன்று அவருடையது. பின்வேலியைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். அவருடைய மனைவி சமையலறையில் இருந்தார். என்னை ஒருமுறை கடையில் பார்த்திருக்கிறார், அடையாளம் தெரிந்தது.

"அவரு ஸ்கூல்ல ஜாகா வேலைக்குப் போறாரு இப்ப. ரெண்டு மணிக்கு வந்துருவாரு. என்னா விசயம்?"

அவர் வரும்வரை காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மா கேட்டுக்கொண்டு நின்ற விதத்தில் முடியவில்லை. வாசல் கம்பிக்கதவுக்கு அருகே நின்றபடியே சொன்னேன். என் தவறு, அவர் செய்யவில்லை, முதலாளிக்கும் தெரியும் என்று.

"அவரு செய்யலையா?"

"இல்லக்கா."

உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"மூணு வாரமா நான் அவர அடுப்புப் பக்கமே விடல. ஒனக்குத் தெரியுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "மோட்டர் சாவிய எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கேன். ஸ்கூலுக்கு நடந்துதான் போறாரு. இவரு கூடப்பொறந்த அண்ணனுக்கு அறுவது வயசுல மறதி வந்துச்சு. பெத்த பிள்ளைங்க பேரு தெரியாமப் போயி, அப்படியே செத்தாரு. இவரு வீட்டுக்கு வந்து என்னா சொன்னாரு தெரியுமா? எனக்கும் ஆரம்பிச்சிருச்சுன்னாரு. கரண்ட ஆஃப் பண்ணினேனா இல்லையான்னு ஞாபகத்துல இல்ல, நான்தான் செஞ்சிருப்பேன்னாரு. கூலிம் ஆஸ்பத்திரில தேதி வாங்கி வெச்சிருக்கோம்."

கடையில் அவர் ஏன் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் யோசித்து வந்தது அவருடைய வேலையைப் பற்றி. இதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த அம்மா என்னை உட்காரச் சொன்னார். தண்ணி ஏதும் வேண்டுமா என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் வீட்டில் அப்படி நடக்காது. நடந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

இரண்டு மணி தாண்டியதும் அவர் வந்தார். காவலாளியின் நீலச் சீருடை தோளில் தொளதொளவென்று இருந்தது. என்னைப் பார்த்ததும், "மெஷின் ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுண்ணே. அதப் பத்திதான்."

மறுபடியும் முழுவதையும் சொன்னேன். முடிந்ததும் அவர் சாப்பாட்டு மேசையில் இருந்த பாத்திரங்களை ஒரு பக்கம் நகர்த்தினார்.

"மீட்டர் இருக்கா?"

காரிலிருந்து பூதக்கண்ணாடியோடு எடுத்து வந்து கொடுத்தேன். பையில் இருந்தவற்றை மேசையில் கொட்டினேன். ஒன்பது ஆண்டுகள் எனக்கு டார்ச் பிடித்தவர், ஒரு தடவைகூட மீட்டரைத் தொட்டதில்லை. முனைகளை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். போன ஃபியூஸில் வைத்தார். சத்தமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நான் கொண்டுவந்திருந்த புதியதில் வைத்தார். கூவியது. மறுபடியும் பழையதில் வைத்தார். பிறகு டிரான்சிஸ்டர்கள். புதியதை ஒரு முறை, உருகியதை ஒரு முறை, முனைகளை மாற்றி, எண்களை வாய்விட்டுப் படித்தார். மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மீட்டரைக் கீழே வைத்தார். "சரி. நான் கரண்ட் இருக்கும்போது கேபிளப் புடுங்கியிருந்தா, அப்பவும் இது ரெண்டும் இப்படித்தானே போயிருக்கும்?"

சரியான கேள்வி. பினாங்குக்காரர் கேட்காதது.

"ஆமாண்ணே. மீட்டர்ல ரெண்டும் ஒண்ணுதான். வித்தியாசம் தெரியாது."

மனைவி என்னைப் பார்த்தார். இதைச் சொல்லவா வந்தாய் என்று கேட்பது போலிருந்தது.

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?" என்றார் அண்ணன்.

கேபிளையும் பூதக்கண்ணாடியையும் அவர் பக்கம் தள்ளினேன். எழுந்து ஜன்னலுக்குப் போனார். கேபிள் முனையை வெளிச்சத்தில் சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தை மெல்லச் சுரண்டினார். நகத்தில் ஒட்டியதைப் பார்த்தார்.

"இது ஒரு நாள்ல காஞ்ச மை இல்ல," என்றார். எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. "மெஜந்தா ஒரு வாரம் ஆனாத்தான் ஓரத்துல இப்படி ஏடு கட்டும். இதுல ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு மூணு ஏடு இருக்கு. கொஞ்சங் கொஞ்சமா எறங்கியிருக்கு."

நான் மையை அவ்வளவு தூரம் படித்ததில்லை. அவர் சொன்ன பிறகு கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். மரக்கட்டையின் வளையங்கள் போல வரிகள் இருந்தன.

அவர் ஜன்னலை விட்டு வரவில்லை. "மெஜந்தா அதிகமா குடிக்குதுன்னு ஒங்களுக்கு அனுப்பினேனே," என்றார்.

"எனக்கா?"

"நீங்க ஜோகூருக்குப் போயிருந்தீங்க. வாய்ஸ் மெசேஜ் போட்டேன். புதன்கிழமை. மத்த கலரெல்லாம் பாதி இருக்கு, மெஜந்தா மட்டும் அடியில போயிருச்சுன்னு."

ஃபோனை எடுத்துத் தேடினேன். இருந்தது. புதன்கிழமை, காலை. அழுத்தினேன். அவருடைய குரல் அந்த அறைக்குள் கேட்டது. "தங்கச்சி, நம்ம மெஜந்தா கொஞ்சம் அதிகமா குடிக்குது மா. வேல அவ்வளவா இல்ல. நீங்க வந்தா ஒரு தடவ பாருங்க." அதற்குக் கீழே நான் அனுப்பிய பதில் இருந்தது. கட்டைவிரல் படம். அனுப்பியது எனக்கு நினைவில்லை. கேட்காமலே அனுப்பியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

"பாத்தியா," என்றார் மனைவி. என்னிடம் அல்ல, அவரிடம். "ஞாபகம் இருக்குல ஒனக்கு. கெழமைகூட ஞாபகம் இருக்கு." சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மோட்டார் சைக்கிள் சாவியை மேசையில், அந்தப் போன ஃபியூஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அண்ணன் சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "தப்பு எம்மேலதாண்ணே," என்று மட்டும் சொன்னேன். பிறகு, கேட்டிருக்க வேண்டாம்தான், "கோவமா இருக்கா?" என்றும் கேட்டேன்.

"இருக்காதா?" என்றார். "நெறைய இருக்கு. ஆனா இன்னைக்கு வேணாம் மா. இன்னைக்கு நான் கொஞ்சம் தூங்கணும். மூணு வாரமா ஒழுங்காத் தூங்கல. தெனம் படுத்துக்கிட்டு அன்னைக்குக் காலையிலேர்ந்து என்னென்ன செஞ்சேன்னு ஒண்ணொண்ணா நெனச்சுப் பாப்பேன். சுவிட்ச் கிட்ட வந்ததும் நின்னுரும்."

கிளம்பும்போது பையில் பொருள்களை அள்ளினேன். கேபிளை மட்டும் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் தானே கரங்கானுக்குப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த மாதத்தை முடித்துக்கொடுத்துவிட்டு அண்ணன் கடைக்குத் திரும்பினார். விளையாட்டுப் போட்டி பேனர்களில் பாதியையாவது அவர்தான் அடித்தார்.

கூலிம் மருத்துவமனைத் தேதியை மனைவி ரத்து செய்யவில்லை. வாங்கியது வாங்கியதுதான் என்று அழைத்துப் போனார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார்களாம். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார்களாம். எல்லாம் சரி, ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இதை அவரே என்னிடம் சொன்னார், ஒரு நாள் நான் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு. கடிகாரத்தில் எத்தனை மணி வைக்கச் சொன்னார்கள் என்றும் சொன்னார்.

பழையபடி எல்லாம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாய் அவரிடம் முன்பைவிட மரியாதையாகப் பேசினார். அது இருவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. முன்பு சத்தம் போட்டுச் சொன்ன வேலையை இப்போது, "அண்ணே, முடிஞ்சா இத ஒரு கை பாருங்களேன்," என்று சொன்னார். என்னோடு அண்ணன் பேச்சு முன்பே குறைவு, இன்னும் குறைந்தது. கோபத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னவர், அந்த நாளை எனக்குக் காட்டவே இல்லை. அது தீர்ந்துவிட்டதா, அப்படியே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ஆறு மாதம் கழித்து அவர் பாயிடம் சொல்லிக்கொண்டு வேலையிலிருந்து நின்றுவிட்டார். கூலிமில் புதிதாகத் திறந்த ஒரு கடையில் ஆள் தேடினார்கள், வீட்டுக்கும் பக்கம். பாய் அவருக்கு மதியச் சாப்பாடு போட்டு அனுப்பினார், தம்பியின் கடையிலிருந்து பிரியாணி வரவழைத்து. என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். சாப்பிட்டு முடிந்ததும் அவர் மெஷினைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். புதிதாக வந்திருந்த பெண்ணுக்கு மை ஊற்றும் பக்கத்தைக் காட்டினார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கூலிம் கடையில் இருப்பது வேறு வகை மெஷின். மெஷினிலேயே இருக்கும் விளக்கின் வெளிச்சம் பட்டதும் மை அப்போதே காய்ந்துவிடும். அதில் எல்லாமே வேறு மாதிரி, ஆனால் பழகிக்கொள்ள அவருக்கு இரண்டே வாரம்தான் பிடித்தது என்று அந்தக் கடைக்காரர் சொன்னார்.